இத்தாலி மேஸ்திரி வைத்த பன்னிரண்டாவது கண்டு

அந்த வருஷம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சித்திரை மாதம் நடக்கும் கால்பந்துப் பந்தயத்தில் எங்கள் மில் அணியின் பதினோரு பேரில் ஒருவனாக நான் இறங்க வேண்டும். அதை அய்யா பார்க்க வேண்டும்.

அய்யா என்றால் என் தகப்பனார். பேரையூருக்குத் தெற்கே கரிசலில் பருத்தியும் கம்பும் போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பத்தாவது தேறி, மதுரையில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தபோது அவர் ஊரில் கிடா வெட்டினார். அதே நான் சாயங்காலமானால் மில் ஆட்களோடு பந்து உதைக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்: "உதைக்கிறதுக்கு எதுக்குடா பத்துக் கிளாஸு? நம்ம கழுத படிக்காமலே நல்லாத்தான உதைக்குது."

நாள் போகப் போக மனசு மாறினார். எப்படி மாறினார் என்று தெரியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பெருமையாகவே அதை எடுத்துக்கொண்டுவிட்டார். "சித்திரைக்கு அழகர் பாக்க வண்டி கட்டி வருவோம்ல, அப்படியே உன் ஆட்டத்தையும் பாத்துட்டுத்தான் திரும்புவோம்" என்றார். அதற்குள் ஊர் முழுக்க, "எம் மவன் இல்லாம அந்தக் கட்சியே கெடையாது" என்று சொல்லி முடித்திருந்தார். இனி நான் பின்வாங்க வழியில்லை.

கட்சி என்று அய்யா சொன்ன எங்கள் அணியோ, வருஷா வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்று, நன்னாரி சர்பத் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற அணி. ஆட்களில் குறை சொல்ல முடியாது. முன்வரிசை நடுவில் ஆடுகிறவர் அலங்காநல்லூர்க்காரர். எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணன். பொங்கலுக்குப் பொங்கல் மாடு பிடித்துப் பிடித்து அவர் மார்பு கதவுப் பலகை மாதிரி இருக்கும். கோல் காப்பவன் அவனியாபுரத்து ஆள். ஒல்லி; வாய் மட்டும் பெரிசு. ஆட்டம் போகிற போக்கில் எதிராளியோடும் எங்களோடும் சமமாக வம்பு பேசுவான். நான் அண்ணனுக்கு அடுத்து வலது உள்பக்கம் ஆடுவேன். எங்களில் யாருக்கும் பூட்ஸ் கிடையாது. வெறுங்கால்தான்.

அந்த ஐப்பசியில் மில்லுக்குப் புது நூற்பு மிஷின்கள் இத்தாலி தேசத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு மனிதரும் கூடவே வந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டையான உருவம், வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். கையில் எப்போதும் கிரீஸ். அவரைத் "தொரை" என்று கூப்பிட்டால் கோபித்துக்கொண்டு, கிரீஸ் கையை விரித்துக் காட்டுவார். அதனால் இத்தாலி மேஸ்திரி என்று பெயர் வைத்தோம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே மார்க்கு வாங்கித் தேறியவை. ஆகவே அவருக்கு மொழிபெயர்ப்பு வேலை என் தலையில் விழுந்தது.

வந்த வாரமே ஒரு சாயங்காலம் பஞ்சுக் கிட்டங்கிக்குப் பின்னால் நாங்கள் ஆடுவதைப் பார்க்க வந்து நின்றார். அண்ணன் பந்தை வாங்கிக்கொண்டு ஒற்றை ஆளாய் ஓடினார். ஒருவரை வெட்டினார், இரண்டாமவரை வெட்டினார், மூன்றாமவரிடம் பறிகொடுத்தார். வழக்கமாக நடப்பதுதான். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, மிகவும் மெதுவாக, நோயாளியைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார்: "மற்றவர்களுக்கு அவர்மேல் ஏதாவது கோபமா?"

"இல்லையே. ஏன்?"

"அவரிடம் பந்து போனதும் நீங்கள் எல்லாரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டீர்களே!"

அவர் என்ன கேட்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை. பந்து அண்ணனிடம் இருக்கும்போது வேறு எங்கே போவது?

மறுநாள் மில் வாசல் காப்பிக் கடையில் அவரே பேச ஆரம்பித்தார். அவர் ஊரிலும் ஆற்றங்கரையில் ஒரு மில்லாம். மீசை முளைக்கும் முன்பே அந்த மில் அணியில் சேர்ந்துவிட்டாராம். அப்புறம் டவுன் சங்கம் அழைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்ததும் ஊரே மைதானத்துக்கு வந்துவிடுமாம், ஆடுவதற்கே சம்பளமாம்.

"பந்து ஒதைச்சாச் சோறு போடுவாங்களா? கேளு மாப்ள" என்றான் கோல் காப்பவன்.

கேட்டேன். "போடுவார்கள். முழங்கால் முறிகிறவரைக்கும்" என்று தன் வலது காலைத் தட்டிக் காட்டினார்.

முறிந்த பிறகு சங்கத்துப் பெரியவர்கள், ஆட வேண்டாம், அணியைக் கவனித்துக்கொள் என்றார்களாம். அந்த வேலைக்கு அவர்கள் ஊரில் மேனேஜர் என்று பெயராம். அவர் ஒரு வாரம் அழுதாராம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொட்டி சுடுகிறவர்களும் தறிக்காரர்களுமாக இருந்த அணியைக் கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசைக்கு ஏற்றினாராம். அந்தச் சமயம் பார்த்துச் சங்கத் தலைவரின் மருமகனுக்கு முன்வரிசையில் ஆட ஆசை வந்திருக்கிறது. மேஸ்திரி அந்த மருமகனை வெளியே உட்கார வைத்தார். தலைவர் மேஸ்திரியை வெளியே அனுப்பினார். அதோடு பழைய ஸ்பானரை எடுத்துக்கொண்டு மிஷின் கம்பெனியில் சேர்ந்து, கப்பலேறி, இதோ இந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

"மருமகன் நல்லா ஆடுவானா?" என்று அண்ணன் கேட்டார்.

"நன்றாகத்தான் உடுத்துவான்" என்றார் மேஸ்திரி.

கடை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கே அண்ணன் போய் மில் மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் அணி மேஸ்திரியின் பொறுப்பானது.

அவர் பாடம் நடத்துவது மில் வேப்பமரத்தடி பெஞ்சின்மேல்தான். நூல் சுற்றும் காலிக் கண்டுகளைப் பதினொன்று நிறுத்தி, இவன் நீ, அவன் நான் என்று நகர்த்திக் காட்டுவார். மூன்று தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டிருந்தார்: குடு, ஓடு, வாங்கு. பெஞ்சில் கண்டுகள் அழகாக ஓடும், கொடுக்கும், வாங்கும். மைதானத்துக்கு வந்தால் பழைய கதைதான். அண்ணனிடம் பந்து போனதும் பத்துப் பேரும் நின்றுவிடுவோம். மேஸ்திரி தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பார். "குடு! ஓடு!" என்று கத்துவார். கடைசியில் அண்ணனுக்கே பொறுக்கவில்லை.

"அவருகிட்ட சொல்லு தம்பி. ஒருத்தன் புடிச்சிட்டான்னா அடுத்தவன் ஊடால போறது அசிங்கம்."

சொன்னேன். மேஸ்திரி தலையைப் பிடித்துக்கொண்டார். "எதைப் பிடித்தான்? யார் பிடித்தான்?"

இதை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? பொங்கல் வந்தது. பேசாமல் அவரை அவனியாபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

கோல் காப்பவனின் சொந்தக்காரர் வண்டியில், நுகத்தடிக்குப் பக்கத்தில் ஏறி நின்று, கையில் கரும்போடு மேஸ்திரி ஜல்லிக்கட்டுப் பார்த்தார். வாடிவாசலிலிருந்து ஒரு செவலை பாய்ந்து வந்தது. பத்துப் பதினைந்து பேர் அதன்மேல் விழுந்தார்கள். ஒருவன் திமிலைக் கட்டிக்கொண்டதும் மற்றவர்கள் எல்லாம் சடாரென்று விலகி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மேஸ்திரி என் தோளைப் பிடித்து உலுக்கினார். வண்டியே ஆடியது. "அதுதான்! அதேதான்! அவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள்?"

"அவன் புடிச்ச மாடு. இன்னொருத்தன் கைய வச்சா மானக்கேடு" என்றார் அண்ணன்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் கரும்பைக் கடிக்கவே இல்லை. யாருக்கும் பிடிபடாத இன்னொரு மாடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைசிவரை ஓடியது. அங்கே வெட்டவெளியில் நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கமாய்க் கயிற்றோடு நின்றார்கள்.

"அவர்கள் யார்?"

"மாட்டு வீட்டுக்காரங்க. திரும்பி வர்ற மாட்டக் கயிறு போட்டுக் கூட்டிட்டுப் போகணும்ல."

"மாடு எந்தப் பக்கம் வரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் சிரித்தார். "அது மாட்டுக்கே தெரியாது. அதுக்குத்தான நாலு பக்கமும் ஆளு நிக்குது!"

நான் மொழிபெயர்த்தேன். மேஸ்திரி கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவரைக் கேள். நம்மிடம் இருக்கும்போது பந்து யார் வீட்டு மாடு?"

கேட்டேன். கோல் காப்பவன்தான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடப்பாவிகளா! அது நம்ம வீட்டு மாடுல்ல! நம்ம மாட்ட நாமளே புடிச்சிட்டு வருசம் பூரா வேடிக்கை பாத்திருக்கோமடா!"

அதற்குப் பிறகு மேஸ்திரிக்குக் கத்துகிற வேலை குறைந்துபோனது. அண்ணன் பந்தோடு ஓடும்போது யாராவது நின்றால், கோல் காப்பவன் தன் கம்பங்களுக்கு நடுவிலிருந்தே அலறுவான்: "கயித்தோட நில்லுடா!" உடனே நாலு பேர் நாலு பக்கமும் முன்னே ஓடி வெட்டவெளியில் நிற்போம். அண்ணனும், பிடித்ததை விடுவது மானக்கேடு என்ற நினைப்பை விட்டு, பந்தைத் தட்டிவிடப் பழகினார். சித்திரை பிறந்ததும் பந்தயம் தொடங்கியது; இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாவதும் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது எங்களாலேயே நம்ப முடியவில்லை. எதிரே ரயில்வேக்காரர்கள். பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மேஸ்திரி என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டு, யார் எங்கே நின்றான், எங்கே நிற்கத் தவறினான் என்று கேட்பார். ஒருவர் விடாமல் எல்லாருடையதையும் சொல்லுவேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். என் ஆட்டத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

இறுதி ஆட்டம் அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலம், தமுக்கம் மைதானத்தில். மேஸ்திரியின் மிஷின்களோ அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டன. கொழும்பிலிருந்து அவருக்குக் கப்பல்; ஆட்டம் வரைக்கும் இருக்க முடியாது. புறப்படுவதற்கு முதல் நாள் வேப்பமரத்தடி பெஞ்சில் கண்டுகளை அடுக்கி, இறுதி ஆட்டத்துக்கான பதினோரு பேரையும் சொன்னார். வலது உள்பக்கம் என் இடத்தில் ஒரு கண்டை வைத்து, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் வேலை செய்யும் ஒருவர் பெயரைச் சொன்னார். அவருக்குப் பெரிய மீசை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடியிருந்தார்.

பதினொன்றும் முடிந்தது. மேஸ்திரியின் கையில் இன்னொரு கண்டு மிச்சம் இருந்தது. அதை வரிசைக்கு வெளியே, பெஞ்சின் ஓரத்தில் வைத்தார்.

"இது நீ. நான் போன பிறகு மேனேஜர்."

ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"பந்து உன்னிடம் வரும்போது நீ அதைப் பார்ப்பதில்லை. மற்ற பத்துப் பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறாய். பார்த்து முடிப்பதற்குள் பந்து போய்விடுகிறது. உள்ளே இருந்தால் அது குற்றம். வெளியே இருந்தால் அதுதான் வேலை." பிறகு, "நான் ஒரு வாரம் அழுதேன். உனக்கு அவ்வளவு நேரம் இல்லை. சீக்கிரம் அழுது முடி" என்றார்.

ரயிலடியில் அண்ணன் அவருக்கு ஒரு மாட்டுக் கயிறு கொடுத்தார். மேஸ்திரி அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டே ரயில் ஏறினார். எனக்குக் கை கொடுத்தவர், ரயில் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "பதினோரு பேரில் நீ இல்லை!" என்று ஒருமுறை கத்தினார். அவர் போனதும் நான் மாற்றிவிடுவேன் என்று அவருக்குப் பயம்.

பயப்பட்டதில் தப்பில்லை. வண்டி பிளாட்பாரம் தாண்டவில்லை, கோல் காப்பவன் என் விலாவில் இடித்தான். "தொரை போயாச்சு. இனிமே நீதான மேனேஜரு? நீயே எறங்கிக்க மாப்ள. யாரு கேக்கப் போறா?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அய்யா சொன்னபடி வந்தார். வண்டி நிறைய ஆள்: சித்தப்பா, மாமா, பக்கத்துக் காட்டுக்காரர்கள். அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்து, மணலிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, ஆட்டத்துக்கென்று ஒரு நாள் கூடுதலாகக் காத்திருந்து தமுக்கத்துக்கு வந்தார்கள். அய்யா தலையில் புதுத் துண்டு. வந்ததும் வராததுமாக என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேட்டி கட்டிருக்க? எங்கடா டவுசரு?"

டவுசர் வேட்டிக்குள்ளே இருந்தது. ஏன் போட்டுக்கொண்டு வந்தேன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று காலையில் தோன்றியது, அவ்வளவுதான். "ஆட்டத்துக்கு நேரமிருக்குய்யா" என்று சொல்லி வைத்தேன்.

நேரம் நெருங்கியது. மீசைக்காரரைக் காணோம். அவருக்கு மாற்று ஆள் வராததால் ஷிப்டை விட்டு வர முடியவில்லை என்று யாரோ சொன்னார்கள். ரெப்ரி கடிகாரத்தைப் பார்த்தார். எங்களில் பத்துப் பேர்தான் கோட்டுக்குள் நின்றார்கள். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, எறங்கு" என்றார் அண்ணன்.

நான் வேட்டி முடிச்சில் கை வைத்தேன். உள்ளே டவுசர் தெரிந்ததும் வண்டிக்காரக் கூட்டத்திலிருந்து ஒரே கூச்சல். "அவுருடா வேட்டிய! எறங்குடா!" அய்யாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அந்த நேரம் பார்த்து மைதானத்தின் மறுகோடியில் மீசைக்காரர் ஓடிவந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் பஞ்சு. சாம்பல் பூத்த பூசணிக்காய் ஓடிவருவது போல இருந்தது. வந்து என் முன்னால் நின்று மூச்சு வாங்கினார். "லேட்டாயிருச்சு குமாஸ்தாண்ணே. நீங்க எறங்குறதா இருந்தா எறங்கிக்கங்க, நான் ஒக்காந்துக்கிறேன்."

உண்மையாகத்தான் சொன்னார். நான் மைதானத்தைப் பார்த்தேன். ரயில்வேக்காரர்களின் இடது பின்னாட்டக்காரர் பருத்த ஆள்; வேகமாக ஓடுகிறவன் ஒருவன் அவரைச் சுற்றிப் போனால் போதும், பின்னால் முழுக்க வெட்டவெளி. நான் வேகமாக ஓடுகிறவன் இல்லை. இதை நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம்.

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "உள்ள போங்கண்ணே. அந்தக் குண்டு ஆளு முதுகுப் பக்கமே நில்லுங்க" என்றேன்.

அய்யா எழுந்து என்னிடம் வந்தார். "அவன் எம்புட்டுப் படிச்சவன்?"

"கையெழுத்துப் போடுவாருய்யா."

"கையெழுத்துப் போடுறவன் உள்ள, பத்துக் கிளாஸு படிச்சவன் வெளியவா? எந்தப் பய உன்ன வெளிய வச்சது? காட்டு அவன."

"நான்தான்யா வச்சேன்."

அய்யா என்னைப் பார்த்த பார்வையில் பருத்திக் காடு பற்றி எரிந்திருக்கும். போய் வண்டிக்காரர்களோடு உட்கார்ந்து, மைதானத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

முதல் பாதியில் ரயில்வேக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதியில் நிலைமை இன்னும் மோசம். அலங்காநல்லூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அண்ணனிடம் பந்து வந்தபோதெல்லாம் அவர்கள் சீட்டி அடித்து அதிரவைத்தார்கள். ஊர்க்காரர்கள் கண்முன்னால் அண்ணனுக்குப் பழைய ரத்தம் ஏறிவிட்டது. ஒற்றை ஆளாக ஓடினார். எங்கள் ஆட்களும் பழையபடியே, அண்ணன் மாட்டைப் பிடித்துவிட்டார் என்று இடுப்பில் கை வைத்து நின்றார்கள். மீசைக்காரரும் நின்றார்.

நான் கோட்டோரம் ஓடிக்கொண்டே கத்தினேன். "கயித்தோட நில்லுங்கடா! கயித்தோட நில்லு!" சீட்டிச் சத்தத்தில் என் குரல் பத்தடிகூடத் தாண்டவில்லை.

திரும்பி உட்கார்ந்திருந்த அய்யாவின் காதில் மட்டும் அது விழுந்திருக்கிறது. முதுகு மெல்லத் திரும்பியது. "என்னடா சொன்ன?"

"அண்ணன்கிட்ட இருக்க பந்துதான் நம்ம மாடுய்யா. வாங்குறதுக்கு முன்னால ஆளு நிக்க மாட்டேங்குது!"

அய்யா ஒரு விநாடி மைதானத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். வாழ்நாளில் பந்தாட்டம் பார்க்காதவர் துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு எழுந்தார். காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற குரல் அது. "ஏய்ய்! கயித்தோட நில்லுங்கடா, வெறும்பயகளா! மாடு வருதுல்ல!" சித்தப்பா, மாமா, வண்டி மொத்தமும் சேர்ந்துகொண்டது. என்ன ஏது என்று தெரியாமலே பக்கத்துக் கூட்டமும் கத்தியது.

எங்கள் ஆட்கள் தூக்கத்தில் இருந்து எழுந்த மாதிரி திடுக்கிட்டார்கள். மீசைக்காரர் அந்தக் குண்டு ஆளைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அண்ணன் தலை நிமிர்ந்து பார்த்து, பந்தைத் தட்டிவிட்டார். பஞ்சு பறக்க மீசைக்காரர் அடித்த அடியில் ரயில்வேக்காரர்களின் கோல் காப்பவர் அசையவே இல்லை; பந்து உள்ளே. சிறிது நேரம் கழித்து, அதே மாதிரி, மறுபக்கத்திலிருந்து இன்னொன்று. இந்தத் தடவை அண்ணனே போட்டார். தட்டிவிட்டது மீசைக்காரர்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆடினார்கள். எனக்குள்ளே சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேஸ்திரி சொன்னபடி அழுது முடித்திருக்கவில்லை போல. முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனேன். மாடுகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் விடாமல் குத்திக்கொண்டிருந்தார்.

"எம் மவன் இல்லாம கட்சியே கெடையாதுன்னீரு. கடைசிவரைக்கும் உம்ம மவன் உள்ளயே போகலயே?"

அய்யா நுகத்தடிக் கயிற்றை இறுக்கிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "மாட்டுக்காரன் எங்கயாச்சும் மாட்டோட சேந்து பாயுவானாய்யா?"

அய்யா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகரும்போது என்னைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"அது சரி, அடுத்த வருசமாச்சும் எறங்குவியா?"

"இல்லய்யா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

"அப்பச் சரி" என்றார். "அடுத்த வருசமும் வாரேன். சத்தம் போடுறதுக்கு ஆளு வேணும்ல. உன் தொண்டை பத்தாது."